கேளுங்கள், சொல்கிறோம்: தாமரை இலையும் சுறாத் தோலும்

கேள்வி: தாமரை இலை வழவழப்பாக இருப்பதால்தானே தண்ணீர் ஒட்டுவதில்லை? இதை நுண்ணோக்கியில் பார்த்து சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம்?
– வாசகர், கும்பகோணம்

பலரும் அப்படித்தான் நினைக்கிறோம், ஆனால் விஷயம் நேர்மாறு. 1970களில் ஜெர்மனியின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இலைகளை வைத்துப் பார்த்தபோது, வழவழப்பான இலைகளை முதலில் கழுவ வேண்டியிருந்தது, சொரசொரப்பானவற்றில் அழுக்கே இல்லை. தாமரை இலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின் மேல் அதைவிடப் பொடியான மெழுகுத் துகள்கள். நீர்த்துளி அந்த உச்சிகளில் மட்டும்தான் உட்காரும், அடியில் காற்று. தூசியும் பிடிப்பில்லாமல் உச்சியிலேயே கிடப்பதால் உருளும் துளி அதை வாரிக்கொண்டு போய்விடும். 1999இல் இதே உத்தியில் 'லோட்டசான்' என்ற வெளிச்சுவர் பெயிண்ட் வந்தது. மழையே சுவரைக் கழுவிவிடும், சோப்பும் தண்ணீரும் மிச்சம். ஆனால் தாமரைக்கு மெழுகு தேய்ந்தால் மறுபடி ஊறும், பெயிண்டுக்கு ஊறாது. அப்புறம், நீர் ஒட்டாத பூச்சுகள் பலவற்றில் மண்ணிலும் நீரிலும் மட்காத ஃபுளோரின் ரசாயனங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்டதற்குத் தாமரைப் படம் போட்டு விற்றாலும் நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: சுறாத் தோலைப் பார்த்துக் கப்பலுக்குப் பூச்சு செய்தார்களாமே?
– வாசகி, தூத்துக்குடி

கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) ஏறினால் எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும். அதைத் தடுக்க முன்பு ட்ரைபியூட்டைல் டின் கலந்த பெயிண்ட் அடித்தார்கள். அந்த விஷத்தால் பெண் கடல்நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைத்தது, 2008இல் சர்வதேசத் தடை அமலுக்கு வந்தது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் அந்தோனி பிரென்னன் அமெரிக்கக் கடற்படைக்காக வேறு வழி தேடியபோது, சுறாவின் மேல் பாசி படிவதில்லை என்பதைக் கவனித்தார். தோலை அச்செடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் வைர வடிவச் செதில்கள், ஒவ்வொன்றிலும் வரிவரியாக மேடுகள். அதே அமைப்பைச் செயற்கைப் பரப்பில் செய்ததும், ஆய்வகத்தில் பாசி வித்துகள் ஒட்டுவது சுமார் 85% குறைந்தது. விஷம் துளியும் இல்லை, வெறும் வடிவம்தான்! ஆனால் ஒரு பெரிய கப்பலின் அடிப்பாகம் முழுக்க இவ்வளவு நுணுக்கமான வரிகளைப் போடுவது லேசான வேலையா? அந்த உத்தி பிறகு மருத்துவக் கருவிகள் பக்கம் திரும்பியது.

கேள்வி: இதையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா?
– ஆசிரியை, மதுரை

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய 'ஃபோல்ட்ஸ்கோப்' காகித நுண்ணோக்கியை வாங்கிப் பாருங்கள், சுமார் 140 மடங்கு பெரிதாகக் காட்டும். தாமரையின் மெழுகுத் துகள் அதில் தெரியாது, அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் வேண்டும். உதிர்ந்து கிடக்கும் வண்ணத்துப்பூச்சி இறகிலிருந்து ஆரம்பியுங்கள், அதன் செதில்கள் நன்றாகவே தெரியும்.