பி.எஸ்சி. படிப்பவர்களுக்கு கேம்பஸ் இன்டர்வியூவைத் தவிர வேறு என்ன வாய்ப்பு இருக்கிறது?

கேள்வி: "பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரிக்கு கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருவதெல்லாம் ஐடி, பிபிஓ கம்பெனிகள்தான். படித்ததற்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார்கள் சீனியர்கள். கல்லூரியில் இருக்கும்போதே என்னென்ன செய்யலாம்? ஆஃபர் வந்தால் அதை வாங்கிக்கொண்டே எம்.எஸ்சி. நுழைவுத்தேர்வும் எழுதலாமா?"

நான் இதே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தது இரண்டாம் ஆண்டு ஜனவரியில். சரியாக இரண்டு மாதம் தாமதம்.

நான் படித்தது தமிழ்நாட்டில் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரி. இயற்பியல் துறை வராந்தாவில் கண்ணாடி போட்ட நோட்டீஸ் போர்டு ஒன்று உண்டு. பரீட்சைக் கட்டணம், அரியர் லிஸ்ட், விடுமுறை அறிவிப்பு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தாள் பாதி மறைந்து கிடந்தது. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமியும் மற்ற இரண்டு தேசிய அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் பற்றிய அறிவிப்பு அது. தேர்வானால் நாட்டின் ஏதோ ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை பார்க்கலாம், உதவித்தொகையும் தருவார்கள். நான் அதைப் படித்தபோது கடைசித் தேதி முடிந்துபோயிருந்தது. அந்தத் தாள் அக்டோபரிலிருந்தே அங்கே தொங்கிக்கொண்டிருந்ததாம்.

முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். கோடையில் நடக்கும் விஷயங்களுக்கு விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் முடிந்துவிடும். நமக்கோ ஏப்ரல் செமஸ்டர் முடிந்த பிறகுதான் "லீவில் என்ன பண்ணலாம்" என்ற யோசனையே வரும். பிளேஸ்மென்ட் செல் இதையெல்லாம் சொல்லாது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, கம்பெனிகளைக் கூட்டிவருவதுதான் அவர்கள் வேலை. அறிவியல் மாணவருக்கான வாய்ப்புகள் வேறு வழியாக வருகின்றன: துறை நோட்டீஸ் போர்டு, ஆசிரியரின் மெயில், நிறுவனங்களின் இணையதளம்.

ஃபெல்லோஷிப் கைநழுவிப் போனதும் நான் செய்தது, சற்று முரட்டுத்தனமான காரியம். முப்பது பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன். முதல் இருபதும் ஒரே மெயில், பெயரை மட்டும் மாற்றினேன். ஒருவரும் பதில் போடவில்லை. கடைசிப் பத்துக்கு மட்டும் அவர்கள் என்ன ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று படித்து, எனக்குப் புரிந்த ஒரு விஷயத்தையும் புரியாத ஒரு விஷயத்தையும் எழுதினேன். இரண்டு பேர் பதில் எழுதினார்கள். அதில் ஒருவர், "உதவித்தொகை கிடையாது, ஹாஸ்டலில் இடம் பார்த்துத் தருகிறேன், வா" என்றார்.

போனேன். மெல்லிய படலங்கள் செய்யும் லேப். முதல் பத்து நாள் நான் எந்தப் படலமும் செய்யவில்லை. வேக்குவம் சேம்பரில் எங்கோ கசிவு, அழுத்தம் இறங்கவே இல்லை. ஆராய்ச்சி மாணவரான ஓர் அண்ணன், அசிட்டோனைச் சொட்டுச் சொட்டாக ஒவ்வொரு இணைப்பிலும் விட்டுக்கொண்டே அழுத்தம் காட்டும் கேஜில் முள் துள்ளுகிறதா என்று பார்க்கச் சொன்னார். ஒன்பதாம் நாள் முள் துள்ளியது. பிரித்துப் பார்த்தால், இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் மேல் ஒரே ஒரு தலைமுடி. பிறகு எம்.எஸ்சி. முடித்து, இப்போது நான் இருக்கும் வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோது, கேட்டவர் என் மதிப்பெண் பட்டியலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கருவி எதையாவது பழுது பார்த்திருக்கிறாயா?" என்றார். தலைமுடிக் கதையை முழுசாகச் சொன்னேன். ஆய்வுக் கருவிகள் விற்கும் நிறுவனத்தில் அப்ளிகேஷன் சயின்டிஸ்டாக இருக்கிறேன். கருவி வாங்கிய லேப்களுக்குப் போய் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுத் தருவது, அவர்களுடைய மாதிரியை வைத்து அளந்து காட்டுவது. இப்படி ஒரு வேலை இருப்பதே பி.எஸ்சி. முடிக்கும்வரை எனக்குத் தெரியாது.

இதே வகையில் இன்னும் சில இருக்கின்றன. மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 2004 முதல் 'என்ஐயூஎஸ்' என்ற திட்டத்தை இளநிலை அறிவியல் மாணவர்களுக்காகவே நடத்துகிறது. முகாமில் தொடங்கி, ஆர்வம் உள்ளவர்களை நீண்ட புராஜெக்ட்வரை கூட்டிப்போவார்கள். கணிதம் படிக்கும் நண்பர்கள் இருந்தால் 'எம்டிடிஎஸ்' பற்றிச் சொல்லுங்கள். 1993 முதல் நடக்கும் கோடைப் பயிற்சி அது, நான்கு வாரம். போய்வந்த என் அறைத்தோழன், "மூன்று வருஷம் மனப்பாடம் செய்ததை நாலு வாரத்தில் மறக்க வைத்தார்கள்" என்றான். பாராட்டாகத்தான் சொன்னான்.

வெளியே போக முடியாவிட்டால் உள்ளேயே தேடுங்கள். மத்திய அரசின் உயிரி தொழில்நுட்பத் துறை 2008 முதல் ஸ்டார் காலேஜ் என்ற திட்டத்தில் கல்லூரிகளின் இளநிலை அறிவியல் துறைகளுக்குப் பணம் தருகிறது. பெயரைப் பார்த்து உயிரியலுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், இயற்பியல், வேதியியல் துறைகளும் வாங்குகின்றன. உங்கள் கல்லூரி அதில் இருந்தால், அந்தப் பணத்தில் வாங்கிய ஸ்பெக்ட்ரோமீட்டர் ஏதாவது ஓர் அறையில் உறை போட்டு வைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். சாவி யாரிடம் என்று லேப் அசிஸ்டென்ட் அண்ணனுக்குத்தான் தெரியும். முதலில் அவரோடு பழகுங்கள்.

ஒரு ஆசிரியராவது உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மேலே சொன்னவற்றில் பலவற்றுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். "ஒழுக்கமான மாணவர், வருகைப்பதிவு நன்று" என்று எழுதிய கடிதம் யாருக்கும் உதவாது. "சோதனையில் தவறான விடை வந்தபோது மறுநாள் திரும்ப வந்து செய்தான்" என்று எழுத அவருக்கு ஒரு சம்பவம் வேண்டும். அதை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

இடையில் ஒரு எச்சரிக்கை. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் 'இன்டர்ன்ஷிப்' சான்றிதழ் தரும் இணையதளங்கள் நிறைய முளைத்திருக்கின்றன. நேர்முகத்தில் அதைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்டதுமே குட்டு வெளிப்பட்டுவிடும். அதைவிட, ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல்லில் பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்றை ஒழுங்காக முடியுங்கள். நேரடியாக வந்து எழுதும் தேர்வு என்பதால் அதற்கு மதிப்பு இருக்கிறது. தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு என்ன பாடம் ஒதுக்குகிறார்கள் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பைதானோ தரவுப் பகுப்பாய்வோ வந்தால் விடாதீர்கள்.

சரி, மேற்படிப்பு. ஐஐடிகளிலும் இன்னும் சில நிறுவனங்களிலும் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு. பெங்களூரு ஐஐஎஸ்சியின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் (எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்தது) அதுவே வழி. பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரில். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் முதல் 30 கேள்விகளுக்குத்தான் நெகட்டிவ் மார்க். பல விடை சரியாக இருக்கக்கூடிய பகுதிக்கும், எண்ணை நாமே தட்டச்சு செய்யும் பகுதிக்கும் கிடையாது. நான் முதல் முறை முதல் பகுதியிலேயே மல்லுக்கட்டி நேரத்தைத் தீர்த்துவிட்டு, எண் விடைக் கேள்விகளில் பாதியைத் தொடாமல் வந்தேன். ரேங்க்கைச் சொல்ல மாட்டேன். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் பி.ஜி. தேர்வு தனி. அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், பாடத்திட்டம் பெரிதாக வேறுபடாது.

"அதற்கப்புறம் பிஎச்.டி. என்றால் எப்போது சம்பாதிப்பது?" என்று வீட்டில் கேட்பார்கள். தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு. பெரிய பணமில்லை, ஆனால் சும்மா படிப்பதும் இல்லை.

பி.எஸ்சி.யோடு நிறுத்தினாலும் இயற்பியலுக்கு நேரடியாகக் கதவு திறக்கும் இடங்கள் உண்டு. இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலைக்கு இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. போதும். பொறியியல் படித்தவர்களும் போட்டிக்கு வருவார்கள்தான், அதற்காக நாம் ஒதுங்க வேண்டியதில்லை. கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்களுக்கு உதவித்தொகையோடு பயிற்சி கொடுத்து சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் ஆக்குகிறார்கள். அங்கே 60 சதவீதம் கேட்பார்கள், அதோடு அலைட் பாடம் (துணைப்பாடம்) என்ன என்றும் பார்ப்பார்கள். அலைட் பேப்பரில் பாஸ் ஆனால் போதும் என்று விடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். பேடன்ட் ஏஜென்ட் தேர்வு என்று ஒன்று இருக்கிறது, கண்டுபிடிப்பாளர்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பம் எழுதித் தாக்கல் செய்பவர்களுக்கானது. 21 வயதும் அறிவியல் பட்டமும் இருந்தால் எழுதலாம், சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. எழுதப் படிக்க ஆர்வமுள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை.

வேதியியல் நண்பர்கள் மருந்து, பெயின்ட் ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போகிறார்கள். கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியைக் கையால் தொட்டிருந்தால் அங்கே பேச்சு வேறு மாதிரி இருக்கும். தாவரவியல், விலங்கியல் படிப்பவர்கள் இந்திய வனப்பணித் தேர்வைப் பார்க்க வேண்டும், அதற்கான பட்டங்களின் பட்டியலிலேயே அந்தப் பாடங்கள் இருக்கின்றன. இரண்டாண்டு பி.எட்., டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு எல்லாம் உங்களுக்கே தெரிந்தவை, அதனால் விட்டுவிடுகிறேன்.

கடைசியாக உங்கள் இரண்டாவது கேள்வி. தாராளமாக ஆஃபரை வாங்குங்கள். ஐடி, பிபிஓ வேலையை மட்டமாகப் பேசும் சீனியர்களில் பாதிப் பேருக்கு அந்த வேலைகூட இல்லை. விப்ரோ போன்ற கம்பெனிகள் பி.எஸ்சி., பிசிஏ முடித்தவர்களை எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்க வைக்கும் திட்டம்கூட வைத்திருக்கின்றன. அதில் சேர்வதற்கு முன் ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு, நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரிகளை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். ஜாம் முடிவு பெரும்பாலும் மார்ச்சில் தெரிந்துவிடும். கம்பெனியில் சேரச் சொல்லும் தேதி எப்படியும் செமஸ்டர் முடிவுகளுக்குப் பிறகுதான் வரும். இரண்டும் மோதாது.

என்னிடமும் அப்படி ஓர் ஆஃபர் இருந்தது. முதல் ஜாம் கைவிட்டதும் அந்த வேலைக்குத்தான் போனேன், நைட் ஷிப்ட். எட்டு மாதம், சனி ஞாயிறுகளில் பழைய வினாத்தாள், இந்த முறை எண் விடைப் பகுதியிலிருந்து தொடங்கி. ராஜினாமாக் கடிதம் கொடுத்தபோது டீம் லீடர் அக்கா, "எந்த கம்பெனி, எவ்வளவு தருகிறார்கள்?" என்று கேட்டார். "காலேஜுக்குப் போகிறேன் அக்கா, நான்தான் அவர்களுக்குக் கட்ட வேண்டும்" என்றேன்.