வயல் யார் பேரில் இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஊரக இளைஞர் பற்றிய உங்கள் கட்டுரையில் மிஜார்க் என்ற கத்தோலிக்கப் பன்னாட்டு இயக்கத்தை ஒரே வரியில் பாராட்டிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு சிக்கல். அதற்கு எதற்குப் பன்னாட்டு வலைப்பின்னல்? மண்ணை விட்டும் கோயிலை விட்டும் இளைஞர்கள் ஓடிவிடாமல் கட்டிவைக்கத் திருச்சபை செய்த ஏற்பாடுதானே இது? நான் ஒரு தேவாலயப் பங்கின் இளைஞர் குழுவை நடத்துகிறேன். அந்த அனுபவத்தில்தான் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

ஒரே வரியில் கடந்தது என் தவறு. உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை.

பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் என்ற குரு 1925இல் இளம் தொழிலாளர்களுக்காக ஓர் இயக்கத்தை நிறுவினார். அதே வழியில் 1929இல் பிரான்சில் கத்தோலிக்க வேளாண் இளைஞர் இயக்கம் பிறந்தது. ஜாக் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மிஜார்க்கின் வேர்களில் ஒன்று இதுதான். கிராமங்கள் காலியாகின்றன, நம்பிக்கையும் கரைகிறது என்ற கவலை தொடங்கியவர்களுக்கு இருந்தது. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. கட்டிவைக்கும் ஆசை இருந்தது என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் கார்டைன் இளைஞர்கள் கையில் கொடுத்தது கயிறு இல்லை. பார், ஆராய், செயல்படு என்ற மூன்று படிகளைக் கொடுத்தார். உங்கள் குழுவிலும் இதைச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். பெரும்பாலான இடங்களில் இது ஒரு செபக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலாகச் சுருங்கிவிட்டது என்பது என் வருத்தம். ஜாக் இளைஞர்களுக்கு அது வேலையாக இருந்தது. தாளில் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு, சொந்த வீட்டையும் சொந்த வயலையும் அந்நியர் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். தண்ணீர் யார் சுமக்கிறார்கள்? கல்யாணமான மகனும் மருமகளும் எங்கே தூங்குகிறார்கள்? இந்த நிலத்தில் உழைக்கும் இருபத்தைந்து வயதுக்காரனுக்குக் கூலி உண்டா, பங்கு உண்டா?

1933இல் ஜாக்குக்குப் பெண்களுக்கான கிளை வந்தது. எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி அவர்களுடையதுதான். மாமனார் மாமியாரோடு ஒரே கூரையின் கீழ், அவர்கள் சொல்லுக்கு உட்பட்டு வாழ வேண்டியிருப்பதை விதி என்று ஏற்காமல், பேசவேண்டிய சிக்கலாகக் கூட்டத்தில் வைத்தார்கள். குழாய்த் தண்ணீர், வெளிச்சமுள்ள சமையலறை, இளம் தம்பதிக்குத் தனி வீடு ஆகியவற்றை வெட்கமில்லாமல் கேட்டார்கள். இதையெல்லாம் பங்குத்தந்தை எழுதிக்கொடுத்து அவர்கள் ஒப்பிக்கவில்லை.

கேள்வி கேட்கப் பழகியவர்கள் வீட்டோடு நிற்கமாட்டார்கள் அல்லவா? அப்பா எழுபது வயதுவரை நிலத்தை விடவில்லை என்றால், அவருக்கு ஓய்வூதியம் இல்லை என்பதுதான் காரணம் என்று கண்டுகொண்டார்கள். அங்கிருந்து சட்டத்துக்குப் போனார்கள். ஜாக்கில் வளர்ந்த மிஷேல் தெபதீஸும் அவர் தோழர்களும் 1950களின் இறுதியில் இளம் விவசாயிகள் சங்கத்தைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். 1960, 1962ஆம் ஆண்டுகளின் பிரெஞ்சு வேளாண் சட்டங்களில் அவர்கள் அழுத்தம் தெளிவாகத் தெரியும். முதிய விவசாயி நிலத்தை விட்டு விலகினால் வாழ்நாள் முழுதும் ஓர் உதவித்தொகை. அப்பாவும் மகனும், அல்லது அண்டை விவசாயிகள், சட்டப்படி பங்குதாரர்களாகச் சேர்ந்து பயிர் செய்ய ஒரு கூட்டு அமைப்பு. இரண்டும் 1962இல் வந்தவை.

இதை வெற்றிக்கதையாக மட்டும் சொன்னால் அது நேர்மை ஆகாது. இந்தச் சட்டங்களோடு வந்த வேளாண் நவீனமயத்தில் சிறு விவசாயிகள் பலர் நிலத்தை இழந்தார்கள். அதைக் கடுமையாக எதிர்த்த பெர்னார் லாம்பெரும் ஜாக்கில் வளர்ந்தவர்தான். டிராக்டரும் கடனும் வாங்கிய விவசாயி ஆலைகளின் கூலியாள் ஆகிவிட்டான் என்பது அவர் வாதம். தெபதீஸ் நாட்டின் பெரிய விவசாயச் சங்கத்துக்குத் தலைவரானார், லாம்பெர் அதற்கு எதிரே நின்றார். கட்டிவைக்கும் ஏற்பாடு இப்படி இரண்டு எதிரெதிர்த் தலைவர்களை உருவாக்குமா, சொல்லுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. ஜாக் போன்ற பல நாட்டு ஊரக இளைஞர் இயக்கங்களை இணைத்து மிஜார்க் 1954இல் உருவானது. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு சிக்கல் என்கிறீர்கள். முதல் படியில் அது சரி, ‘பார்’ எப்போதும் ஊர்க்காரர்களின் வேலைதான். ஆனால் இரண்டாம் படிக்கு வந்ததும் காரணம் ஊர் எல்லையைத் தாண்டிவிடுகிறது. அர்ஜென்டினாவின் வடகிழக்கில் பருத்தி, புகையிலை, மாத்தே என்ற பானத்துக்கான இலை பயிரிட்ட குடும்பங்களுக்கு நடந்ததைப் பாருங்கள். அங்கே கத்தோலிக்க ஊரக இயக்கத்தில் பயின்ற இளைஞர்கள், தங்கள் விளைச்சலுக்கு விலை வைப்பவர்கள் தங்கள் ஊரிலேயே இல்லை என்பதைக் கண்டார்கள். 1970களின் தொடக்கத்தில் அவர்களிடமிருந்து வேளாண் லீகுகள் என்ற விவசாயிச் சங்கங்கள் எழுந்தன. 1976இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் லீகுகள் நசுக்கப்பட்டன. சிறை, சித்திரவதை, காணாமல்போனவர்கள். அதே 1976இல் பராகுவேயில் சர்வாதிகாரி ஸ்ட்ரோஸ்னரின் ஆட்சி கிறிஸ்தவ வேளாண் லீகுகளை வேட்டையாடியது. இந்த இளைஞர்களைப் பற்றி எழுதும்போது என் கை தயங்குகிறது. அவர்கள் கேட்டது நியாயமான விலையும் உழுவதற்கு நிலமும்.

ஊரில் மட்டும் நின்றிருந்தால் அவர்கள் குரல் இன்னும் சுலபமாக அமுங்கியிருக்கும். ஒரு நாட்டு இளைஞன் இன்னொரு நாட்டு இளைஞனோடு உட்கார்ந்து கணக்கு ஒப்பிடும்போதுதான் ‘நம் சோம்பல்தான் காரணம்’ என்ற பழி கழல்கிறது. வலைப்பின்னலின் முதல் பயனாக நான் நினைப்பது அதைத்தான்.

பின்னாளில் இது அமைப்புகளின் கதவுவரை போனது. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்புடனும் வேளாண்மை வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியத்துடனும் சேர்ந்து மிஜார்க் ஊரக இளைஞர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. அதையொட்டி 2014இல் ஒரு நூல் வெளியானது. அறிவு, நிலம், கடன், சூழலைக் காக்கும் பசுமை வேலைகள், சந்தை, கொள்கைப் பேச்சில் இடம் என்று ஆறு தடைகளை அது எடுத்துப் பேசுகிறது. நிலத்தையும் கடனையும் சேர்த்துப் பாருங்கள். பட்டா அப்பா பேரில் இருக்கும்வரை வங்கிக்கு அடமானம் காட்ட மகனிடம் ஒன்றுமில்லை, மகளிடம் அதைவிட ஒன்றுமில்லை. 1950களில் பிரெஞ்சு இளைஞன் தாளில் எழுதிய அதே கேள்வி!

திருச்சபையைப் பற்றி ஒன்று. குத்தகை விவசாயியின் மகனாகப் பிறந்த திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1961இல் எழுதிய ‘அன்னையும் ஆசிரியரும்’ சுற்றுமடலில் அந்த மூன்று படிகளும் இடம்பெற்றிருக்கின்றன. வேளாண் மக்களின் முன்னேற்றத்தை அவர்களே முன்னின்று நடத்த வேண்டும் என்றும் அதில் சொல்கிறார். கீழே இளைஞர்கள் செய்து பார்த்தது மேலே போதனையாக எழுதப்பட்டது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் உரை எதுவும் வேண்டாம். வந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, வீட்டு நிலம் யார் பேரில் இருக்கிறது, அதில் உழைப்பவர்கள் யார் யார், விலையை யார் வைக்கிறார்கள் என்று மூன்றே கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். தங்கைகளையும் எழுதச் சொல்லுங்கள், அவர்கள் பதில் வேறாக இருக்கும். என்ன எழுதினார்கள் என்று எனக்கும் தெரிவியுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.