மனப்பாடத்தை ஏன் திட்டுகிறீர்கள்?

கேள்வி: லண்டனில் மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தேன். பிற்பகலில் சேனல் 4-இல் 'கவுன்ட்டவுன்' பார்ப்பது பழக்கமாகிவிட்டது. எழுத்துகளைக் கொடுத்துச் சொல் கேட்கிறார்கள், எண்களைக் கொடுத்துக் கணக்குக் கேட்கிறார்கள். ஓர் இளைஞர் தொடர்ந்து எட்டு நாள் ஜெயித்தார். ஒன்பதாம் நாள் ஆளையே காணோம். "எட்டு ஜெயித்தால் அவ்வளவுதான்" என்றான் மகன். கையில் கொடுத்தது ஒரு டீ பாட். அகராதியை மனப்பாடம் செய்துவிட்டு வந்தவருக்கு இது போதும் என்று அனுப்பிவிட்டார்களா?

- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அந்த எட்டு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்குச் சுருக்கென்று குத்தியது 'மனப்பாடம்' என்ற சொல். அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

இந்தச் சொல்லுக்காக இந்தப் பக்கத்திலேயே சண்டை போட்டிருக்கிறேன். குழந்தைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுங்கள் என்று சில வருடங்களுக்கு முன்பு எழுதினேன். ஒரு கல்வியாளர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பினார். கிளிப்பிள்ளைகளை உருவாக்கப் பார்க்கிறேனாம், சிந்தனையைக் கொல்கிறேனாம். அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறேன். அர்த்தம் தெரியாமல் ஒப்பிப்பதற்குத் தமிழில் 'நெட்டுரு' என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. திட்டுவதென்றால் அதைத் திட்டுங்கள். மனப்பாடத்தை விட்டுவிடுங்கள்.

புகையிலையைப் பாடம் போடுவார்கள், பார்த்திருக்கிறீர்களா? தோலைப் பாடம் செய்வார்கள். பச்சையாக விட்டால் அழுகிப்போகும் பொருளைப் பக்குவப்படுத்தி, வருடக்கணக்கில் கெடாமல் வைத்துக்கொள்ளும் வேலை அது. மனப்பாடம் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாடம்தான் நினைவுக்கு வருகிறது. சொற்பிறப்பு சொல்லவில்லை, எனக்குப் பிடித்த பொருத்தத்தைச் சொல்கிறேன். மனசுக்குள் போனது கெடாமல் இருக்க வேண்டும், கேட்ட நிமிஷத்தில் கைக்கு வர வேண்டும்.

என் பெரியப்பா தூத்துக்குடியில் ஒரு வற்றல் மண்டியில் கணக்குப் பார்த்தார். பதினேழரை கிலோ, கிலோ இருபத்து நான்கு ரூபாய் என்று கடைப்பையன் சொல்லி முடிக்கும்போதே "நானூத்தி இருபது" என்பார். காதில் செருகிய பென்சில் காதிலேயே இருக்கும். எப்படி என்று ஒரு நாள் கேட்டேன். "பதினேழரையை இரட்டிச்சா முப்பத்தஞ்சு, இருபத்திநாலைப் பாதியாக்கினா பன்னெண்டு. முப்பத்தஞ்சு பன்னெண்டு நானூத்தி இருபது. அவ்வளவுதான்டா" என்றார். முப்பத்தஞ்சு பன்னெண்டு எவ்வளவு என்பது மனப்பாடம். இரட்டிக்கலாம், பாதியாக்கலாம் என்று தோன்றியது மூளை. முதலாவது இல்லாதவருக்கு இரண்டாவது தோன்றவே தோன்றாது. இதைத்தான் அந்தக் கல்வியாளருக்கும் பதிலாக எழுதினேன்.

இப்போது கவுன்ட்டவுனுக்கு வாருங்கள். 1997-இல் வந்த ஒரு கணக்கை இன்றும் அந்த நிகழ்ச்சியின் ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். கிடைத்த எண்கள்: 25, 50, 75, 100, 3, 6. வர வேண்டிய விடை 952. நேரம் 30 விநாடி. ஓர் எண்ணை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம்.

பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 100-ஐயும் 6-ஐயும் கூட்டினால் 106. அதை ஒன்பதால் பெருக்கினால் 954, அதாவது இரண்டு கூடுதல். ஒன்பது வர இரண்டு 3 வேண்டும். ஒரு 3 கையில் இருக்கிறது. இன்னொரு 3, 75-ஐ 25-ஆல் வகுத்தால் கிடைக்கும். கழிக்க வேண்டிய 2? 50-ஐ 25-ஆல் வகுத்தால் கிடைக்கும். இருப்பதோ ஒரே ஒரு 25! இங்கேதான் நாமெல்லாம் 954 என்று எழுதி வைத்துவிட்டுப் பேனாவைக் கீழே வைப்போம்.

அந்தப் போட்டியாளர் என்ன செய்தார் தெரியுமா? வகுப்பதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். 106-ஐ மூன்றால் பெருக்கி 318. அதை 75-ஆல் பெருக்கி 23,850. அதில் 50-ஐக் கழித்து 23,800. இப்போது ஒரே ஒரு வகுத்தல், 25-ஆல். விடை 952. ஒரே 25 இரண்டு வேலையையும் முடித்துவிட்டது. அவர் படிப்படியாகச் சொல்லச் சொல்ல, அப்போது நிகழ்ச்சியில் கணக்குகளைப் பார்த்துக்கொண்ட கரோல் வோர்டர்மன் பலகையில் எழுதிக்கொண்டே போனார். எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை. 318-ஐ 75-ஆல் பெருக்குவதற்கே பத்து விநாடி திணறுகிறவருக்கு இந்த வழி கண்ணில் படுமா?

சொல் கேட்கும் சுற்றிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் 'ரீட்டெய்ன்' என்ற ஆறெழுத்துச் சொல்லோடு ஓர் 'எஸ்' சேர்த்துக் கலைத்துப் போட்டால் 'ரெட்டினாஸ்' வரும், 'நாஸ்டியர்' வரும். ஒன்று கண்ணின் விழித்திரை, மற்றொன்று இன்னும் மோசமானது. நல்ல ஆட்டக்காரர்கள் இப்படிப்பட்ட எழுத்துக் கூட்டங்களை வருடக்கணக்கில் மனசில் ஏற்றி வைத்திருப்பார்கள். ஆனால் அன்றைக்கு வரும் ஒன்பது எழுத்துகள் அன்றைக்குத்தான் வரும். அதை எந்தப் புத்தகத்திலும் முன்கூட்டிப் படித்துவிட்டு வர முடியாது. உங்கள் இளைஞர் அகராதியைப் படித்திருப்பார், சரி. அதில் இருந்து அந்த 30 விநாடிக்குள் சரியான சொல்லை உருவி எடுத்தாரே, அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

எட்டு என்றதும் நமக்கு அட்டாவதானம் நினைவுக்கு வர வேண்டும். ஒரே நேரத்தில் எட்டுப் பக்கம் கவனம். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் மணி அடித்துக்கொண்டே இருப்பார், ஒருவர் முதுகில் பூவை எறிவார். கடைசியில் எத்தனை மணி, எத்தனை பூ என்று சொல்ல வேண்டும், வெண்பாவும் தளை தட்டாமல் இருக்க வேண்டும். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் எட்டோடு நிற்கவில்லை. 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செய்து காட்டி, சதாவதானி ஆனார். அவரைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். 'துருக்கனுக்கு ராமன் துணை' என்று ஈற்றடி கொடுத்தார்களாம், இஸ்லாமியப் புலவர் என்ன செய்கிறார் பார்ப்போம் என்று. பாவலர் முந்தின அடியின் கடைசியில் 'சத்' என்று நிறுத்தினார். பரதன், லட்சுமணன், சத்துருக்கன் என்று தம்பிமார் வரிசையாக வந்து நிற்க, சத்துருக்கனுக்கு ராமன் துணை என்று முடிந்தது பாட்டு. கண்ணி வைத்தவர்கள் கை தட்டியிருப்பார்கள் என்றுதான் நம்புகிறேன். ராமாயணமும் யாப்பும் மனசில் பாடமாகிக் கிடந்ததால்தான் அந்த ஒற்றை 'சத்' அந்த நேரத்தில் வந்து கை கொடுத்தது. அவரை யாராவது கிளிப்பிள்ளை என்று சொல்லட்டும், அப்புறம் பேசிக்கொள்கிறேன்.

பரிசு விஷயம். அந்த டீ பாட் கடையில் வாங்குகிற சாமான் இல்லை, ஆடி ஜெயித்தவருக்குத்தான். அப்புறம், ரொம்ப காலம் தொடரின் இறுதிப் போட்டியில் வென்ற சாம்பியனுக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? தோல் அட்டை போட்ட ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, இருபது தொகுதி. சொல்லாடி ஜெயித்தவருக்குச் சொற்களையே மொத்தமாகத் தூக்கிக் கொடுத்தார்கள்! தோல் பொருள் எதையும் தொடாத கொள்கைக்காரர் ஒருவர் சாம்பியன் ஆனபோது, குறுந்தகட்டில் வந்த அகராதியை வாங்கிக்கொண்டு, விலையில் மிச்சமானதைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார். கோடி ரூபாய், கோடி ரூபாய் என்று நம் தொலைக்காட்சிகளில் ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் நடுவில் இரண்டு விளம்பர இடைவேளை விடுகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அகராதி ஞாபகம் வரும்.

சரி, எட்டு. நீங்கள் எட்டு நாள் பார்த்தீர்கள், அவர் எட்டு நாள் ஆடவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து நிகழ்ச்சி வரை பதிவு செய்கிறார்கள். சட்டையை மாற்றிக்கொண்டு திரும்ப வந்து அதே நாற்காலியில் உட்கார வேண்டும். ஆட்டத்துக்குப் பதினைந்து சுற்று; எட்டு ஆட்டம் என்றால் 120 சுற்று, ஏறக்குறைய இரண்டே நாளில். எதிரில் உட்காருகிறவர் ஒவ்வொரு தடவையும் புதிதாக வருவார், தலை தெளிவாக இருக்கும். இத்தனையையும் தாண்டி எட்டு ஜெயித்தவரை 'ஆக்டோசாம்ப்' என்று மரியாதையாக அழைக்கிறார்கள். தோற்காமல் விடைபெறுகிறார்.

அமெரிக்காவின் 'ஜெப்பர்டி' என்ற வினாடி வினா நிகழ்ச்சியிலும் முன்பு ஐந்து வெற்றிதான் எல்லை. 2003-இல் அதை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடமே கென் ஜென்னிங்ஸ் தொடர்ந்து 74 ஆட்டம் ஜெயித்து, 25 லட்சம் டாலருக்கு மேல் கொண்டுபோனார். மகா திறமைசாலி, சந்தேகமே இல்லை. ஆனால் அவர் எதிரில் உட்கார்ந்த நூற்று நாற்பத்தெட்டுப் பேரை நினைத்துப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் வேறொரு வாரம் வந்திருந்தால் ஜெயித்திருப்பார்கள்! என் ஓட்டு எட்டுக்குத்தான். நாற்காலி காலியாக வேண்டும், அடுத்த ஆள் வர வேண்டும். 14 வயதுச் சிறுவன் ஒருவன் வந்து உட்கார்ந்து, தொடர் சாம்பியனாகவே எழுந்து போயிருக்கிறான்.

ஒன்பதாம் நாள் ஆளைக் காணோமே என்று தேடினீர்கள் அல்லவா? அவரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. தொடரின் கடைசியில், அதிகம் ஜெயித்த எட்டுப் பேரைத் திரும்ப அழைத்து, காலிறுதியில் ஒருவரோடு ஒருவரை மோதவிடுவார்கள். மகனிடம் சொல்லி அந்த வாரத்தைப் பதிவு செய்து வைக்கச் சொல்லுங்கள். பார்க்கும்போது பக்கத்தில் ஒரு காகிதமும் பேனாவும் இருக்கட்டும். 954-இல் மாட்டிக்கொண்டால், வகுப்பதைக் கடைசிக்குத் தள்ளிப் பாருங்கள்.