முகத்தை மூடிக்கொண்ட பாட்டி

அன்புள்ள அக்கா,

தாராவி கிராஸ் ரோட்டில் இருக்கிறேன். பகலில் துணிக்கடை வேலை, ராத்திரி படம் வரைகிறேன். எல்லாம் எங்கள் சந்துக்காரர்கள்தான். போன வாரம் சுற்றிப்பார்க்க வந்த ஒரு கூட்டம் கேமராவோடு சந்துக்குள் நுழைந்தது. இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவரை நான் பத்துப் பதினைந்து முறை வரைந்திருக்கிறேன், அவருக்குத் தெரியாமல். அன்றிலிருந்து நோட்டைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. அவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு வாசகர், தாராவி

அன்புள்ள தம்பி,

'அவருக்குத் தெரியாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். உங்கள் கூச்சம் அங்கிருந்துதான் வருகிறது என்று தோன்றுகிறது.

ஆலிஸ் நீல் என்ற அமெரிக்க ஓவியரைப் பற்றிச் சொல்கிறேன். 1900இல் பிறந்தவர். பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் குழந்தை ஒரு வயது நிறைவதற்குள் தொண்டை அடைப்பானில் போய்விட்டது. இரண்டாவது மகளை 1930இல் கணவர் தன் ஊரான கியூபாவுக்குக் கொண்டுபோனார். ஆலிஸ் மனம் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். 1934இல் கூட வாழ்ந்தவர் ஆத்திரத்தில் அவருடைய 300க்கும் மேற்பட்ட படங்களை எரித்தும் கிழித்தும் போட்டார்.

1938இல் நியூயார்க்கின் ஸ்பானிஷ் ஹார்லெமுக்குக் குடிபோனார். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த நம் தாத்தாக்களின் தாராவி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1962 வரை அங்கேயே குடியிருந்து இரண்டு பையன்களை வளர்த்தார். அக்கம்பக்கத்தாரையும் அவர்கள் பிள்ளைகளையும் எதிரில் உட்காரவைத்து வரைந்தார்.

1940இல் வரைந்த 'டி.பி. ஹார்லெம்' படத்தை அவசியம் தேடிப் பாருங்கள். அதில் இருப்பவர் கார்லோஸ் நெக்ரோன், ஆலிஸின் துணைவர் ஒருவருக்குச் சகோதரர். வயது 24. டி.பி.யைக் குணமாக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை 1943இல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் காசநோய்க்கு ஒரு வைத்தியம், விலா எலும்புகளை எடுத்து நுரையீரலைச் சுருங்கவைப்பது. கார்லோஸ் தலையணையில் சாய்ந்திருக்கிறார். நெஞ்சில் கட்டு, உடம்பு ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. ஆனால் கண்கள் நம்மை நேராகப் பார்க்கின்றன.

என் அத்தைக்கு டி.பி. வந்தபோது எங்கள் சால் குடியிருப்பில் அவருடைய டம்ளரைத் தனியே வைத்தார்கள். குணமாகி வந்த பிறகும் அது தனியாகத்தான் இருந்தது. பேசுகிறவர்கள்கூட வாசலைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். கார்லோஸை அச்சில்தான் பார்த்தேன், ஆனாலும் அத்தையை அன்று முதல்முறையாக நிமிர்ந்து பார்த்த மாதிரி இருந்தது.

அந்தப் படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. தலைப்பில் நோயின் பெயர் இருக்கிறது, ஊரின் பெயர் இருக்கிறது, கார்லோஸின் பெயர் இல்லை. அதே பேட்டையில் ஜார்ஜி ஆர்சே என்ற பையனைப் பலமுறை வரைந்தார், அவனுக்குப் பெயர் கொடுத்தார். அதுதான் சரி.

அப்புறம் புகழ் வந்தது. 1974இல் விட்னி அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. அதற்கு முன்பே, 1970இல், ஆண்டி வார்ஹோல் என்ற புகழ்பெற்ற ஓவியரைச் சட்டையில்லாமல், துப்பாக்கிச் சூட்டின் தழும்புகளோடு வரைந்திருந்தார். 80 வயதில் தன்னையே வரைந்தார், கையில் தூரிகையோடு, அம்மணமாக. மற்றவர்களை எங்கே உட்காரவைத்தாரோ அங்கே தானும் உட்கார்ந்தார்.

நீங்கள் அந்தச் சந்தில் வாழ்கிறவர். ஆனால் அது மட்டும் போதாது. நோட்டை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் போங்கள். இட்லி வியாபாரம் முடிந்து அவர் ஓய்ந்திருக்கும் நேரமாகப் பாருங்கள். எல்லாப் பக்கங்களையும் காட்டுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பக்கங்களை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், வலிக்கும்தான். சரி என்றால் எந்தப் புடவை, எங்கே உட்காருவது என்பதை அவர் தீர்மானிக்கட்டும். மறுநாள் அவரை உட்காரவைத்து, உங்களையும் ஒரு படம் வரைந்து அவருக்குக் கொடுங்கள்.

கீழே 'தாராவி இட்லிப் பாட்டி' என்று எழுதாதீர்கள். உங்கள் கடிதத்திலும் பாட்டி என்றுதான் இருக்கிறது. அவர் பெயர் என்ன தம்பி? கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா