மங்கு கிரீமை இப்போது தொடரலாமா?

கேள்வி: எனக்கு நான்காம் மாதம். கன்னத்தில் மங்கு படர்ந்திருக்கிறது. முன்பு அக்கா கடையில் வாங்கித் தந்த டியூபை மறுபடி பத்து நாளாகப் போடுகிறேன். குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: டியூபின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள், அம்மா. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன் என்று இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். ஹைட்ரோகுவினோன் பூசினால் 35 முதல் 45 சதவீதம் வரை உடம்புக்குள் இறங்கிவிடும். ட்ரெட்டினாயின் தோல் வழியே கொஞ்சம்தான் இறங்கும். ஆனால் அதே வைட்டமின் ஏ குடும்பத்து ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவுக்கு ஊனம் உண்டாக்கும் என்பதால், கிரீமையும் தவிர்க்கச் சொல்கிறோம். மொமெட்டாசோன் ஸ்டீராய்டு, டாக்டர் சொல்லாமல் முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளம் சிவப்பு நூலாகத் தெரியும். என்னிடம் ஒரு பெண் மஞ்சப்பை நிறைய காலி டியூப்களைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார். ஒன்றுகூடச் சீட்டில் எழுதி வாங்கியதில்லை.

பத்து நாள் பூசியதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பாதிப்பு வர வாய்ப்பு மிகக் குறைவு. அடுத்த செக்கப்பில் டியூபையே கொண்டுபோய்க் காட்டுங்கள். மருந்து வேண்டும் என்றால் அசிலாயிக் ஆசிட் பற்றிக் கேளுங்கள். சரி, அதுவரை? ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன், வெளியே போனால் குடை. பலருக்குப் பிரசவத்துக்கு அப்புறம் மங்கு தானே வெளுத்துவிடுகிறது.