ஒலிப்பதிவே இல்லாத காலத்துச் சீன உச்சரிப்பு இப்படித்தான் இருந்தது என்று ஆய்வாளர்கள் சொல்வது வெறும் ஊகம்தானே?

ஊகம் இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மொழியியல் படித்தவன் இல்லை. சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து, சனிக்கிழமை வகுப்பில் மாண்டரின் கற்று, அந்த வாலைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவன். என் அலுவலகத்தில் லிம் ஒருவர், லின் ஒருவர், லாம் ஒருவர் இருந்தார்கள். மூன்றும் வேறு வேறு குடும்பப்பெயர் என்று ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றும் ஒரே எழுத்துதான். 'மரம்' என்ற எழுத்தைப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முறை போட்டால் வரும் 'தோப்பு'. தெற்குச் சீன வழக்கான ஹொக்கியன் பேசுகிறவர் வாயில் அது லிம், இன்னொரு தெற்கு வழக்கான கான்டனீஸில் லாம், மாண்டரினில் லின். இதில் முந்தியது ம் ஒலியா, ன் ஒலியா? உங்கள் கேள்வியின் சின்ன வடிவம் இதுதான்.

வகுப்பில் தாங் அரசகாலக் கவிஞர் தூ ஃபூவின் ஒரு கவிதையைப் பாடமாக வைத்தார்கள். 757இல், கலகக்காரர்கள் பிடித்துவைத்திருந்த சாங்கான் நகருக்குள் சிக்கிக்கொண்டு அவர் எழுதியது. எட்டு வரி. சீனத்தில் எதுகை, நம் இயைபு போல, வரியின் கடைசியில் விழும். அப்படி விழும் சொற்கள் நான்கு: ஆழம், நெஞ்சு, பொன், கொண்டை ஊசி. மாண்டரினில் ஷென், ஷின், ஜின், ட்ஸான். முதல் மூன்றை எப்படியோ ஒட்டவைக்கலாம், நான்காவது ஒட்டவே ஒட்டாது. எதுகை இலக்கணத்தில் கறாரான காலத்தின் பெருங்கவிஞர் இப்படித் தடுக்கி விழுவாரா என்று தோன்றியது.

கீழே காப்பிக்கடையில் தினமும் உட்காரும் ஹொக்கியன் அங்கிள் ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டி, உங்கள் மொழியில் படியுங்கள் என்றேன். சிம், சிம், கிம் என்று வந்தது. நான்காவது அவர் வாயிலும் கொஞ்சம் விலகியது, ஆனால் அதுவும் உதட்டை மூடித்தான் முடிந்தது. வியட்நாமியர்கள் சீன எழுத்தைப் படிக்கும் முறையில் நான்கும் தம், தம், கிம், சம் என்று ஏறக்குறைய ஒரே அச்சில் வரும். தூ ஃபூ தடுக்கவில்லை. மாண்டரின்தான் இடையில் எல்லா ம் ஈறுகளையும் ன் ஆக்கிவிட்டது.

இந்தச் சங்கடம் சீனர்களுக்கே பழையது. 12ஆம் நூற்றாண்டில் சூ ஷி போன்ற பேரறிஞர்கள், ஆதிக் கவிதைத் தொகுப்பில் எதுகை இடறும் இடமெல்லாம் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் உச்சரிப்பை மாற்றிப் படித்துக்கொள் என்று உரை எழுதினார்கள். ஒரே சொல்லுக்குப் பாட்டுக்கு ஒரு உச்சரிப்பு! 1606இல் சென் தி என்பவர் இதைத் தூக்கிப் போட்டார். காலத்தில் பழையது புதியது உண்டு, நிலத்தில் வடக்கு தெற்கு உண்டு, எழுத்து மாறும், ஒலியும் நகரும் என்று எழுதினார். படைத்தலைவராக இருந்து ஓய்ந்த மனிதர். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவர் அவர்தான்.

ஆனால் எதுகையை வைத்து எது எதோடு சேரும் என்றுதான் சொல்ல முடியும். அதற்கு மேலே போக ஒரு புத்தகம் கை கொடுத்தது. அதன் முன்னுரையே ஒரு நாடகம். சுயி அரசகாலத் தொடக்கத்தில் ஒரு இரவு எட்டு அறிஞர்கள் லூ ஃபாயென் என்ற இளைஞரின் வீட்டில் தங்குகிறார்கள். மது தீர்ந்துவிட்டது, இரவு தீரவில்லை. பேச்சு உச்சரிப்பின் பக்கம் போகிறது. தெற்கத்தியார் சொல்வது சரியா, வடக்கத்தியார் சொல்வது சரியா என்று விவாதம். கடைசியில் ஒருவர், நாம் சில பேர் தீர்மானித்தால் தீர்ந்தது, எழுதிக்கொள் என்கிறார். இளைஞர் விளக்கடியில் குறிப்பெடுக்கிறார். அது 601இல் 'சியேயுன்' என்ற எதுகை அகராதியாக வந்தது. மூலப்பிரதி அழிந்துபோனது. 1008இல் விரித்து எழுதிய 'குவாங்யுன்' மிஞ்சியது: 206 எதுகை வகைகள், 26,194 எழுத்துகள்.

ஒலிக்குறி இல்லாத எழுத்தில் உச்சரிப்பை எப்படி எழுதினார்கள் என்று கேட்பீர்கள். நம் உயிர்மெய் கணக்குதான். 'கிழக்கு' என்ற சொல்லுக்கு அகராதி இரண்டு எழுத்துகளைத் தருகிறது: தெ, ஹொங். முதலாவதன் தலையை எடு, இரண்டாவதன் உடம்பை எடு. தொங். இந்த முறைக்கு ஃபான்சியே என்று பெயர். அகராதி முழுக்க இப்படித்தான்.

இங்கே ஒரு வட்டச்சிக்கல் இருக்கிறது. அந்தத் 'தெ'யை எப்படிச் சொல்வது? அதையும் அகராதியில் பார்க்க வேண்டும். அங்கே தலைக்கு 'துவோ' என்று இருக்கும். 'துவோ'வைப் பார்த்தால் இன்னொரு 'தெ'. அந்த இன்னொரு 'தெ'யைப் பார்த்தால் மறுபடி 'துவோ'. 1842இல் குவாங்சோ பகுதி அறிஞர் சென் லீ இந்தச் சிக்கலையே சாவியாக்கினார். ஒன்றை ஒன்று சுட்டிக்கொண்டே போகிற எழுத்துகளுக்கெல்லாம் தலை ஒலி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அகராதி முழுவதையும் இப்படிச் சங்கிலி சங்கிலியாகக் கோத்தார். எத்தனை தலை ஒலிகள், எத்தனை உடம்புகள், எது எதிலிருந்து வேறு என்பதெல்லாம் வந்துவிட்டது. எந்த ஒலி என்பது மட்டும் வரவில்லை. பள்ளிக்கூட அல்ஜீப்ரா போல. சமன்பாடு எல்லாம் தயார், எக்ஸின் மதிப்பு மட்டும் தெரியாது.

மேற்கத்தியப் புத்தகங்கள் இந்த இடத்தை ஒரே பத்தியில் தாண்டிவிட்டு ஸ்வீடன் மொழியியலாளர் கார்ல்கிரெனிடம் போய்விடுகின்றன. அது நியாயமில்லை என்பது என் கட்சி. கடினமான பாதியைச் சீன அறிஞர்கள் முடித்து வைத்திருந்தார்கள்.

ஆனால் கார்ல்கிரென் செய்ததும் சின்ன வேலை இல்லை. 1910இல் சீனா போய், இருபதுக்கும் மேற்பட்ட வட்டார வழக்குகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டு திரும்பினார். அதோடு ஜப்பான், கொரியா, வியட்நாம் மூன்றும் பழங்காலத்தில் கடன் வாங்கி வைத்திருந்த சீனச் சொற்களையும் சேர்த்தார். 1915இல் தொடங்கி 1926 வரை பகுதி பகுதியாக வந்தது அந்த ஆய்வு. அதை 1940இல் சீனத்தில் பெயர்த்தவர்கள் மூவரும் சாதாரணப் பெயர்ப்பாளர்கள் அல்ல, சாவ் யுவான்ரென், லுவோ சாங்பெய், லீ ஃபாங்குய் என்ற முதல்தர மொழியியலாளர்கள். பெயர்க்கும்போதே அவர் பிழைகளையும் திருத்தினார்கள்.

எக்ஸுக்கு மதிப்பு எப்படிக் கிடைக்கிறது பாருங்கள். 'நாடு' என்ற சொல் மாண்டரினில் குவோ. ஹொக்கியனில் கொக், கான்டனீஸில் குவொக், கொரியனில் குக், ஜப்பானியத்தில் கொகு, வியட்நாமியத்தில் க்வொக். ஒன்றோடொன்று கலந்து பேசாத ஐந்து பேர் தனித்தனியாக ஒரே க் ஒலியைக் கடைசியில் புதிதாக ஒட்டிக்கொண்டார்களா, அல்லது மாண்டரின் ஒன்று மட்டும் தொலைத்ததா? 601ஆம் ஆண்டு அகராதியும் இந்தச் சொல்லை வல்லின ஈற்றுச் சொற்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில்தான் வைத்திருக்கிறது. இதை ஊகம் என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

அடுத்து புத்தர். மாண்டரினில் 'ஃபோ'. புத்தனுக்கும் ஃபோவுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் விழித்திருக்கிறேன். ஜப்பானியத்தில் அதே எழுத்து புட்ஸு, கொரியனில் புல் (கொரியனில் இப்படி வந்த த் ஈறுகள் எல்லாம் ல் ஆகியிருக்கும்). ஆக, பௌத்தம் நுழைந்த காலத்தில் அந்த எழுத்து 'புத்' போல ஒலித்திருக்கிறது. தமிழில் எழுதுவதால் காட்ட முடியவில்லை, 'புத்தர்' என்கிறபோது நாம் சொல்லும் அதே அழுத்தமான ப (ஆங்கில b). பழைய சீனத்தில் ஃப ஒலியே கிடையாது, எல்லாம் ப குடும்பம்தான் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே சியென் தாசின் காட்டிவிட்டார். ஹொக்கியனில் இன்றுவரை ஃப இல்லை. மாண்டரினில் 'ஃபெய்' என்றால் பறத்தல், ஹொக்கியனில் 'பெ'. ஃப என்றாலே உதடு தடுமாறும் ஊர்க்காரனான எனக்கு இது பெரிய ஆறுதல்.

வடமொழி இன்னொரு வேலையும் செய்தது. புத்த பிக்குகள் வழியாக வந்த ஒலிநூலைப் பார்த்துத்தான் சீனர்கள் தலை ஒலிகளை உதடு, நா, பல், தொண்டை என்று பிறப்பிடப்படி அடுக்கினார்கள். தொல்காப்பியப் பிறப்பியல் படித்தவர்களுக்கு அந்தப் பட்டியல் அந்நியமாகத் தெரியாது. அப்படிப்பட்ட பட்டியல்களில் முக்கியமான 'யுன்சிங்' சீனாவில் தொலைந்து, ஜப்பானில் பிழைத்து, 1884 மறுபதிப்பில்தான் ஊர் திரும்பியது.

ஊகம் எங்கே என்று சொல்கிறேன். ஒன்று, அந்த அகராதி எந்த ஊர்ப் பேச்சு? கார்ல்கிரென் சாங்கான் நகரத்துப் பேச்சு என்று நம்பினார். முன்னுரையே வடக்கையும் தெற்கையும் சமரசம் செய்தோம் என்கிறபோது அது எப்படி என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம். யாருமே முழுசாக அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். இரண்டு, உயிர் ஒலிகளின் நுணுக்கம். இங்கே ஆளுக்கொரு கணக்கு. மூன்று, அந்த அகராதிக்கும் ஆயிரம் ஆண்டு முந்தைய ஆதிச் சீனம். தொனிகளே (சொல்லின் பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்கள்) அப்போது இல்லை, ஒரு தொனி ஸ் ஈற்றிலிருந்து பிறந்தது என்று 1954இல் பிரெஞ்சு அறிஞர் ஓத்ரிகூர் சொன்னது இன்று பெரும்பாலும் ஏற்கப்பட்டது. ஆனால் சொல்லின் முதலில் என்னென்ன மெய்கள் கூட்டாக நின்றன என்பதில் 2014இல் வந்த பாக்ஸ்டர், சகார் மீட்டமைப்பு வரைக்கும் சண்டை ஓயவில்லை. அந்த நூலில் ஒவ்வொரு ஆதிச் சீன வடிவத்தின் முன்னும் இருக்கும் நட்சத்திரக் குறி சும்மா இல்லை. இது எங்கும் எழுதிக் கிடைத்தது அல்ல, நாங்கள் கட்டியது என்று அதற்குப் பொருள்.

இன்னொன்று. தாங் காலத்தில் எல்லாரும் கான்டனீஸ்தான் பேசினார்கள் என்று வாட்சப்பில் சுற்றுகிறது. தவறு. ம், ப், த், க் ஈறுகளைக் கான்டனீஸ் காப்பாற்றியது உண்மை. ஆனால் சொல்லின் தலையில் வரும் அழுத்த ஒலிகளான ப, த, க வரிசையை (ஆங்கில b, d, g) அது தொலைத்துவிட்டது, அதை வைத்திருப்பது ஷாங்காய், சூசோ பக்கத்து வழக்குகள். அங்கே ஈறுகள் தேய்ந்துபோயின. ஆளுக்குக் கொஞ்சம் வைத்திருக்கிறார்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒன்று தருகிறேன். யுவான் சுவாங் 646இல் முடித்த பயணநூலில் நம் பகுதியில் இருந்த ஒரு நாட்டையும் அதன் தலைநகரையும் எழுதியிருக்கிறார். இன்றைய மாண்டரினில் படித்தால் நாடு 'தாலுவோபிதூ', தலைநகர் 'ஜியென்ஜி புலுவோ'. எந்த ஊர் என்று சொல்லுங்கள் பார்ப்போம். மேலே சொன்ன வழியில் மீட்ட ஒலிகளைப் போட்டால் 'தத்-ல-பி-து', 'கியொன்-சி-பு-ல'. திராவிட நாடு, காஞ்சிபுரம். இந்த மீட்டமைப்பைச் செய்தவர்கள் காஞ்சிபுரத்தை மனதில் வைத்துச் செய்யவில்லை. அகராதிச் சங்கிலியிலிருந்து வந்த ஒலி போய் அங்கே பொருந்துகிறது.

அந்த நான்கு எழுத்துகளையும் எழுதிக் காப்பிக்கடை அங்கிளிடம் காட்டினேன். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, 'கியென்-சி-போ-லோ' என்று நிறுத்தி நிறுத்திப் படித்தார். எங்கே இருக்கிற ஊர், கேள்விப்பட்டதே இல்லையே என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.