ஒரே கணக்கு, இரண்டு பேச்சு

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. பைபாஸ் செய்ய வேண்டும் என்கிறார்கள். முதலில் பார்த்த டாக்டர், "இவர் நிலைமையில் இருப்பவர்களில் 100-க்கு 95 பேர் நல்லபடியாக வீடு திரும்புகிறார்கள்" என்றார். நானும் அம்மாவும் சரி என்றோம். அண்ணன் வேறொரு டாக்டரிடம் கேட்டார். "100-க்கு 5 பேர் தவறிவிடுகிறார்கள்" என்றாராம். அன்றிலிருந்து அண்ணன் ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார். யார் சொல்வதை நம்புவது?
- வாசகி, விருதுநகர்

பதில்: இரண்டு டாக்டர்களும் ஒரே கணக்கைத்தான் சொல்லியிருக்கிறார்கள், அம்மா. 95 போனால் மீதி 5 தானே. அண்ணனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். 'தவறிவிடுகிறார்கள்' என்று காதில் விழுந்தால் யாருக்கும் அடிவயிறு கலங்கும்.

டாக்டர்களுக்கே அப்படித்தான். 1982-இல் அமெரிக்காவில் பார்பரா மெக்நீல், ஏமோஸ் ட்வெர்ஸ்கி முதலியோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நுரையீரல் புற்றுநோய்க்கு ஆபரேஷனா, கதிர்வீச்சா என்பது கேள்வி. ஆபரேஷன் என்றால் 100 பேரில் 10 பேர் அந்தச் சமயத்திலேயே போய்விடலாம். ஐந்து வருடம் கழித்து 34 பேர் உயிரோடிருப்பார்கள். கதிர்வீச்சில் உடனே யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஐந்து வருடத்தில் 22 பேர்தான் மிஞ்சுவார்கள். இதைப் பிழைப்பவர் கணக்காகச் சொன்னபோது கதிர்வீச்சைக் கேட்டவர்கள் 18 சதவீதம். இறப்பவர் கணக்காகச் சொன்னதும் 44 சதவீதம்! நோயாளிகள், மாணவர்கள், டாக்டர்கள் எல்லோரும் இதில் இருந்தார்கள். முதல் பத்துச் சாவு கண்ணை மறைத்தது. ஐந்து வருடக் கணக்கு பின்னால் போய்விட்டது.

நான் 31 வருடம் சர்ஜரி வார்டில் நர்ஸாக இருந்தவள். கணவருக்காகக் கைரேகை வைக்க வந்த ஓர் அம்மா இன்னும் கண்ணில் நிற்கிறார். கட்டைவிரலில் மை தொட்டாயிற்று. "100-க்கு 3 பேருக்கு உயிருக்கு ஆபத்து வரலாம்" என்று டியூட்டி டாக்டர் படித்துக்காட்டியதும் கையை இழுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து, செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்று இரண்டையும் சொன்னேன். அரை மணி நேரம் பேச்சே இல்லை. அப்புறம் அவரே மைப்பெட்டியைக் கேட்டார். அதுவரை நான் எல்லோருக்கும் '97 பேர்' கணக்கை மட்டும் சொல்லித்தான் தைரியம் கொடுத்துவந்தேன். அதுவும் பாதிக் கணக்குதான் என்று அன்றைக்கு உறைத்தது.

அண்ணனையும் கூட்டிக்கொண்டு ஒரே டாக்டரிடம் போங்கள். பிழைப்பவர் எத்தனை, இறப்பவர் எத்தனை என்று இரண்டையும் அவர் வாயால் சொல்லச் சொல்லி ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் செய்யாமல் மாத்திரையோடு இருந்தால் ஒரு வருடத்தில் என்ன, ஐந்து வருடத்தில் என்ன என்றும் கேளுங்கள். அண்ணன் பயப்படுகிற அந்த 5-ஐ எதோடு ஒப்பிடுவது என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

இன்னொன்று. நீங்கள், அம்மா, அண்ணன் மூவரும் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அப்பா என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. அந்தத் தாளை முதலில் அவர் கையில் கொடுங்கள்.